கம்பி கழன்ற பிறகும் எங்களைக் கூப்பிடுங்கள்: பல் சீரமைப்பு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பல் சீரமைப்பு மருத்துவர்களுக்கும், குழந்தைகளின் வாயை முதலில் திறந்து பார்க்கும் பொதுப் பல் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

எனக்கு 42 வயது. 13 வயதில் முதல் முறை பல்லுக்குக் கம்பி போட்டார்கள். 39 வயதில் இரண்டாம் முறை. இரண்டாம் முறை நான் உங்கள் நாற்காலியில் சாய்ந்திருந்த அதே ஆண்டில்தான், என் மகளின் மேல்தாடைக் கோரைப்பல் ஒன்று வழிதவறி அண்ணத்தின் பக்கம் சாய்ந்துகிடப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. ஆக, பிள்ளையாகவும் பெரியவளாகவும் தாயாகவும் உங்கள் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கைத்திறனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மனத்தாங்கல் வேறு. பல்லை நகர்த்தும் அந்த ஒன்றரை, இரண்டு வருடங்களில் எங்களை மாதம் தவறாமல் கூப்பிடுகிறீர்கள். அதற்கு முன்பும் கூப்பிடுவதில்லை, பின்பும் கூப்பிடுவதில்லை. பல்லின் கதையோ பெரும்பாலும் அந்த முன்னிலும் பின்னிலும்தான் நடக்கிறது.

முதல் முறை கம்பி கழற்றிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருந்த பிராக்கெட்டுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக நெரித்து எடுத்தார் மருத்துவர். பல்லில் மிச்சமிருந்த பசையைச் சுழலும் கருவியால் சுரண்டியபோது வாயெல்லாம் பொடி நிரம்பியது. கொப்பளித்துத் துப்பிவிட்டு நாக்கால் முன்பற்களைத் தடவிப் பார்த்தேன். ஈரக் கூழாங்கல்லைத் தொட்டது போல வழுவழுவென்று இருந்தன. அன்று முழுக்க நாக்கை அங்கிருந்து எடுக்க மனம் வரவில்லை. அடுத்த வாரம், நேராக்கிய பல் நகராமல் பிடித்துவைக்கும் ரீடெய்னர் என்று, அண்ணத்தில் ஒட்டி நிற்கும் இளஞ்சிவப்புத் தகடு ஒன்றைக் கொடுத்து, ஆறு மாதம் இரவில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஓர் இரவுகூடத் தவறாமல் போட்டுக்கொண்டேன். ஆறு மாதம் முடிந்ததும் போய்க் காட்டினேன். “அருமையாக இருக்கிறது, இனித் தேவையில்லை” என்றார்கள். அதன் பிறகு அந்த மருத்துவமனையிலிருந்து யாரும் என் வாயைப் பார்க்கவில்லை, நானும் போகவில்லை. போக வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

27 வயதில் கீழ்முன்பல் ஒன்றின் ஓரம் நாக்கில் இடறத் தொடங்கியது. வேறொரு பல் மருத்துவரிடம் காட்டினேன். ஞானப்பல் பின்னாலிருந்து தள்ளுகிறது என்றார். கீழ் ஞானப்பற்கள் இரண்டையும் எடுத்தோம். முகம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் ஒரு வாரம் கிடந்தேன். முன்பல் திரும்புவது நிற்கவில்லை. 35 வயதில் வீடு மாற்றும்போது ஒரு பழைய டப்பாவுக்குள் அந்த இளஞ்சிவப்புத் தகடு அகப்பட்டது. கழுவிவிட்டு வாயில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பற்களின் மேல் மட்டும் முட்டிக்கொண்டு, ஆடும் நாற்காலி போல நின்றது. அழுத்தினால் வலித்தது. குளியலறைக் கண்ணாடியின் முன்னால் அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. எங்கோ நான்தான் தவறு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். சொன்னதை எல்லாம் செய்த ஒருத்தி, தன் மேல் பழி போட்டுக்கொண்டு நின்றாள். அதற்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன்.

இரண்டாம் முறை சிகிச்சைக்குப் போகுமுன், எனக்கு நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, முதலில் நிம்மதி வந்தது. பிறகு கோபம் வந்தது.

பல் எலும்பில் ஆணி போல அறையப்பட்டிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி தள்ளும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. பல் விட்டுவிட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. இப்படி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்று பல் நடந்துபோகிறது. கம்பியை எடுத்ததும் எலும்புக்குள் இருக்கும் நார்கள் சில மாதங்களில் புது இடத்துக்குப் பழகிவிடுகின்றன. ஈறுக்குள் ஓடும் நார்கள் அப்படி இல்லை. திருப்பிவிட்ட பல்லை ஒரு வருடம் ஆனாலும் முறுக்கிய கயிறு போலப் பழைய திசைக்கே இழுத்துக்கொண்டிருக்கின்றன. நார்வேயைச் சேர்ந்த பல் சீரமைப்பு ஆய்வாளர் காரே ரைட்டன் இதை 1959இலேயே திசுக்களை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டிவிட்டார். ஆறு மாதத்தில் தகட்டைக் கழற்றச் சொன்னபோது என் ஈறு நார்கள் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அது ஒரு பக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் அவருடைய சகாக்களும் செய்த வேலையைப் படித்தபோதுதான் என் கை நடுங்கியது. என்னைப் போலவே முன்கடைவாய்ப் பற்களை எடுத்துக் கம்பி போட்டு, ரீடெய்னரையும் விட்டுவிட்டவர்களைப் பல வருடம் கழித்து மீண்டும் வரவழைத்து அச்சு எடுத்துப் பார்த்தார்கள். ரீடெய்னரை நிறுத்திப் பத்து வருடமான 65 பேரைப் பற்றிய ஆய்வு 1981இல் வெளிவந்தது. கீழ்முன்பற்கள் திருப்தியான வரிசையில் நின்றது 30 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம்தான். 1988இல், பத்திலிருந்து இருபது வருடம் வரை தொடர்ந்து பார்த்ததை வெளியிட்டார்கள். இருபதாம் வருடத்தில் ஏற்கத்தக்க நிலையில் இருந்தவர்கள் 10 சதவீதம்தான். சிகிச்சைக்கு முன் எடுத்த எந்த அளவை வைத்தும், யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

அந்த வருடங்களைப் பாருங்கள். என் முதல் பிராக்கெட் பல்லில் ஒட்டுமுன்பே இவை இரண்டும் உங்கள் துறையின் இதழ்களில் அச்சாகிவிட்டன. என் தாடையில் நடக்கப் போவது உங்கள் நூலகத்தில் எழுதியிருந்தது. என் அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பியே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ்முன்பற்கள் நெருக்கியடித்துக்கொள்ளத்தான் செய்கின்றன. முகத்துத் தோல் போல, முடி போல, பல் வரிசையும் வாழ்நாள் முழுக்க மாறுகிறது. ஆகவே என் பல் நகர்ந்ததற்கு என் முதல் மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். அது நகரும் என்பதை அவர் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவே. ஞானப்பல் விஷயம் மட்டும் இன்னும் ஆறவில்லை. ஞானப்பல்லை எடுத்தால் முன்பல் நெருக்கம் தடைபடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதை 1998இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வே காட்டிவிட்டது. சொத்தை, சீழ், பக்கத்துப் பல்லுக்குச் சேதம் என்று அதை எடுக்க வேறு நல்ல காரணங்கள் உண்டு. முன்பல் வரிசைக்காக என்று சொல்லி எடுப்பதை நிறுத்துங்கள்.

இனி மகளின் விஷயத்துக்கு வருகிறேன். முதல் தவறு என்னுடையது, அதை மறைக்கவில்லை. அவளுக்கு ஆறு வயதானபோது கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைத்தது. எந்தப் பல்லும் விழாமல் முளைத்ததால் அதுவும் பால் பல்தான் என்று நினைத்துவிட்டேன். பால் பற்கள் மொத்தம் 20. அவற்றை விழவைத்துவிட்டு வருபவை மட்டுமே நிலையான பற்கள் என்று என்னைப் போல எண்ணும் பெற்றோர் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஆறு வயதில் முளைக்கும் அந்த முதல் நிலைக்கடைவாய்ப் பல், யாருடைய இடத்தையும் பிடிக்காமல் பின்னால் அமைதியாக வந்து உட்காருகிறது. மேல்வரிசையும் கீழ்வரிசையும் எப்படிக் கடிக்கும் என்பதற்கு அதுதான் அச்சாணி. 1899இல் எட்வர்ட் ஆங்கிள் பல்கடிப்பை வகைப்படுத்தியபோது அந்தப் பல்லைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டார். என் மகளுக்கு அதில் எட்டு வயதிலேயே சொத்தை விழுந்து அடைக்க வேண்டியதாயிற்று. ஐந்து வயதில் அவளுக்குத் தடுப்பூசி போட்ட இடத்திலோ, பால் பல் சொத்தைக்காகப் போன இடத்திலோ, “அடுத்த வருடம் பின்னால் ஒரு பல் வரும், அது கடைசிவரை இருக்க வேண்டிய பல்” என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

‘பால் பல்தானே, விழுந்துவிடும்’ என்ற பேச்சும் அப்படித்தான். பால் கடைவாய்ப்பற்கள் தமக்குப் பின் வரும் பற்களைவிட அகலமானவை. அவை ஒழுங்காக இருந்து ஒழுங்காக விழுந்தால் கீழ்த்தாடையில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் இடம் மிஞ்சும். சொத்தையால் முன்கூட்டியே எடுத்துவிட்டால், ஆறு வயதுப் பல் முன்னோக்கிச் சாய்ந்து அந்த இடத்தைத் தின்றுவிடும். இடம் காக்கும் ஒரு சிறு கம்பி வளையம் வைத்தால் தடுத்துவிடலாம். அதை வைக்காமல் விட்டுவிட்டு, பிறகு நெருக்கத்தைச் சரிசெய்ய இரண்டு வருடச் சிகிச்சை செய்கிறோம்.

கோரைப்பல்லை நான் கண்டுபிடிக்கவில்லை. மகளுக்குப் பத்தரை வயது நடந்தபோது, என் சிகிச்சைக்காகப் போன இடத்தில் அவளும் கூட வந்திருந்தாள். என் மருத்துவர் கையுறையை மாற்றிக்கொண்டு, “நீயும் வா, ஒரு நிமிடம்” என்று அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கருவி எதையும் எடுக்கவில்லை. சுட்டுவிரலை மேலுதட்டுக்கு உள்ளே விட்டு, ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தில் மெல்ல நகர்த்தினார். வலது பக்கம் விரல் நின்றது. “இதோ இருக்கிறது, தொட்டுப் பாருங்கள்” என்று என்னையும் தொடச் சொன்னார். ஈறுக்கு அடியில் ஒரு சின்ன முழங்கால் போல மேடு. இடது பக்கம் விரலைக் கொண்டுபோனேன். மேடு இல்லை. தட்டையாக, மிருதுவாக இருந்தது. அவர் முகம் மாறவில்லை. எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்றார்.

மேல் கோரைப்பல் கண்ணுக்குக் கீழே, மூக்கின் ஓரத்தில் உருவாகி, மற்றெந்தப் பல்லையும்விட நீண்ட பாதையில் இறங்கி வருகிறது. 11, 12 வயதில் வெளியே தெரிய வேண்டும். பத்து வயது வாக்கில் அந்தப் பள்ளத்தில் மேடு தட்டுப்பட வேண்டும். நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்கு அது வழிமாறிவிடுகிறது, பெரும்பாலும் அண்ணத்தை நோக்கி. வெளியே எதுவும் தெரியாது, வலிக்காது, பால் கோரைப்பல் விழாமல் அழகாக நின்றுகொண்டிருக்கும், அதைப் பார்த்துப் பெற்றோர் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். உள்ளே படுத்துக்கிடக்கும் பல் பக்கத்து வெட்டுப்பல்லின் வேரையே அரித்துவிடக்கூடும்.

ஸ்வீடனில் எரிக்சன், குரோல் என்ற இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இப்படி அண்ணத்தின் பக்கம் போன 46 கோரைப்பற்களில், பால் கோரைப்பல்லை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 36 பற்கள் தாமாகவே வழிக்கு வந்தன. பல்லின் தலை பக்கத்து வெட்டுப்பல்லின் நடுக்கோட்டைத் தாண்டாமல் இருந்தால் 91 சதவீதம் திரும்பியது. தாண்டிவிட்டிருந்தால் 64 சதவீதம். பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்றம் தெரியவில்லை என்றால் வேறு வழி பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த இளவயதில் ஒரு பால் பல்லை எடுப்பதோடு முடியக்கூடிய வேலை, 14 வயதில் கண்டுபிடித்தால் அண்ணத்தைக் கிழித்து, பல்லில் ஒரு கொக்கியை ஒட்டி, சங்கிலியால் மாதக்கணக்கில் இழுத்துவரும் வேலையாகிறது.

என் மகளின் பல் நடுக்கோட்டைத் தாண்டியிருக்கவில்லை. பால் பல்லை எடுத்தோம். ஆறாம் மாத எக்ஸ்ரேயில் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

ஒரு விரல், ஒரு நிமிடம். அந்த மருத்துவரின் கண் அன்று காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் மேல் விழாமல் போயிருந்தால்? என்னைத் தூங்கவிடாமல் அடித்த கேள்வி இதுதான். அவளுக்கு நல்ல பல் மருத்துவர் இருந்தார். சொத்தையை நன்றாக அடைத்தார். உதட்டுக்குள் விரல் விட்டுப் பார்க்கவில்லை.

இப்படிச் சொன்னதும், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏழு வயதிலேயே எதையாவது மாட்டிவிட வேண்டும் என்று யாராவது எடுத்துக்கொண்டால் நான் எழுதியதெல்லாம் வீண். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் ஏழு வயதுக்குள் ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. பார்க்கத்தான் சொல்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் எட்டு வயதுப் பையனுக்கு மேல்முன்பற்களுக்கு நடுவே இடைவெளி என்று உடனே கம்பி போட்டு மூடினார்கள். அந்த வயதில் அந்த இடைவெளி இயல்பானது. இறங்கி வரும் கோரைப்பற்கள் வெட்டுப்பற்களின் வேரை உள்ளே தள்ளும்போது தலைகள் வெளியே விசிறியாக விரிகின்றன. கோரைப்பல் இறங்கியதும் பெரும்பாலும் தாமாக மூடிக்கொள்ளும். அவசரப்பட்டு வேரை நேராக்கினால், இறங்கி வரும் கோரைப்பல்லின் வழியிலேயே அந்த வேரைக் கொண்டுபோய் நிறுத்தும் ஆபத்தும் உண்டு. பையன் ஒரு வருடம் வாய் மூடாமல் சிரிக்க வெட்கப்பட்டதுதான் மிச்சம்.

முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மேற்பற்களுக்கு இளவயதில் ஒரு கட்டம், பதின்பருவத்தில் இன்னொரு கட்டம் என்று இரண்டாகச் சிகிச்சை செய்வதையும், பதின்பருவத்தில் ஒரே கட்டமாகச் செய்வதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்திருக்கிறது. முடிவில் பற்கள் நிற்கும் நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. முன்கூட்டிச் செய்தவர்களுக்கு விழுந்து முன்பல் அடிபடுவது குறைந்தது; அது ஒன்றுதான் ஆதாயம். ஓடி விளையாடும், அடிக்கடி விழும் ஒரு பிள்ளைக்கு அது சின்ன ஆதாயம் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்குக் காத்திருப்பதே சிகிச்சை. இதைப் பெற்றோரிடம் இப்படியே சொல்லலாம். எங்களுக்குப் புரியும்.

காத்திருக்கக் கூடாதவையும் இருக்கின்றன. மேல்தாடை குறுகி, கடிக்கும்போது கீழ்த்தாடை ஒரு பக்கம் வழுக்கிப் போகும் பிள்ளை. கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் கடிக்கும் பிள்ளை. நிலைப்பற்கள் முளைக்கத் தொடங்கிய பிறகும் விரல் சூப்புவதை விடாமல், முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் பிள்ளை. அண்ணத்தின் நடுவில் ஓடும் தையல் போன்ற இணைப்பு வளரும் வயதில் எளிதாக விரியும். வளர்ச்சி முடிந்த பிறகு அதே அகலத்தைப் பெற எலும்பில் திருகாணி வைக்க வேண்டும், அல்லது அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டும். மேல்தாடையை முன்னால் இழுக்கும் முகக்கவசக் கருவிக்கும் பத்து வயதுக்கு முந்திய காலம்தான் நல்லது. இந்தக் கதவுகள் சாத்திக்கொள்ளும் கதவுகள் என்பது உங்களுக்குப் பாடம். எங்களுக்குச் செய்தியாகக்கூட வந்து சேருவதில்லை.

பெரியவர்களுக்கு வருகிறேன். 39 வயதில் கம்பி போட்டுக்கொண்டு, பள்ளிச் சீருடையில் இருந்த பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். வயது பல்லின் நகர்வுக்குத் தடை இல்லை. ஈறும் எலும்பும் ஆரோக்கியமாக இருந்தால் எந்த வயதிலும் நகரும். தொடங்குவது கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, வலியும் கூடவே இருப்பதாக எனக்குப் பட்டது. தாடை இனி வளராது என்பதால் வளர்ச்சியை வைத்துச் செய்யும் எந்த உதவியும் கிடைக்காது. என் மருத்துவர் முதலில் கம்பியைத் தொடவே இல்லை. ஈறைச் சுற்றிப் பள்ளத்தின் ஆழத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளந்து, உதவியாளரிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு இடத்தில் ஆழம் அதிகம். ஈறு நோய் அடங்கும்வரை மூன்று மாதம் காக்க வைத்தார். ஈறில் சீழும் வீக்கமும் இருக்கும்போது பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் குறையும் என்று விளக்கினார். அந்த மூன்று மாதத்துக்கு அவருக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டே இருப்பேன்.

பல்லை நகர்த்த மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறைகளான அலைனர்களை வீட்டுக்கே அனுப்பி, யாரும் நேரில் வாயைப் பார்க்காமல் பல்லை நகர்த்தித் தருவதாகச் சொன்ன பெரிய நிறுவனம் ஒன்று 2023 டிசம்பரில் ஒரே நாளில் மூடிவிட்டது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். ஈறின் ஆழத்தை அளக்க ஆள் இல்லாத இடத்தில் பல்லை ஏன் கொடுக்கிறார்கள் என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். சரிதான். ஆனால் பின்தொடர்ந்து பார்ப்பதற்கு நேரில் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற நம்பிக்கையை நீங்களும் தர வேண்டும்.

உங்கள் துறையின் வரலாற்றில் எனக்குப் பிடித்த மனிதர் சார்ல்ஸ் ட்வீட். பல்லை எடுக்கவே கூடாது என்ற ஆங்கிளின் மாணவர். ஆசானின் வழியில் சிகிச்சை செய்த தன் நோயாளிகளைப் பிறகு திரும்பிப் பார்த்தார். பற்கள் திரும்பியிருந்தன, உதடுகள் துருத்தியிருந்தன. முன்கடைவாய்ப் பற்களை எடுத்து அவர்களுக்கு மறுபடியும் சிகிச்சை செய்து, முன்னதையும் பின்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சக மருத்துவர்களின் முன்னால் காட்டினார். பல்லை எடுப்பதா வேண்டாமா என்ற வழக்கு அவரோடு முடியவில்லை, அதில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. என்னைத் தொட்டது, முடிந்துபோன நோயாளியை அவர் மீண்டும் பார்த்தார் என்பது. லிட்டில் செய்ததும் அதுவே. உங்கள் துறை தன்னைப் பற்றித் தெரிந்துகொண்ட மிக நேர்மையான உண்மைகள், திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தவர்கள் கொண்டுவந்தவை.

ஆகவே கேட்கிறேன்.

ஐந்து வயதில் ஒரு பிள்ளை எதற்காக வந்தாலும், ஆறு வயதுப் பல்லைப் பற்றி அந்தத் தாய்க்குச் சொல்லி அனுப்புங்கள். பத்தாவது பிறந்தநாளை ஒட்டி, கோரைப்பல் மேட்டைத் தொட்டுப் பார்க்க அழையுங்கள். ஒரு குறுஞ்செய்தி போதும். அன்று தேவைப்படுவது விரல் மட்டுமே. எக்ஸ்ரே எல்லாருக்கும் வேண்டாம்.

கம்பி போடும் முன் கையொப்பம் வாங்கும் தாளில், வேர் கொஞ்சம் கரையலாம், பல் துலக்காவிட்டால் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பு விழும் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அதே தாளில், முதல் வரியாக, இதையும் எழுதுங்கள்: பற்களை நேராக வைத்திருக்க விரும்பும்வரை ரீடெய்னர் தேவை. ‘கொஞ்ச நாள்’ என்ற சொல்லை உங்கள் அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் இதைச் சொன்னால் பயந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இரவில் பல் துலக்கச் சொன்னால் பயப்படுகிறதா? பழக்கமாகச் சொன்னால் பழக்கமாக எடுத்துக்கொள்ளும்.

பல்லின் பின்பக்கம் நிரந்தரக் கம்பி ஒட்டினால், அது ஒரு பல்லில் மட்டும் சத்தமில்லாமல் விட்டுப்போகும் என்பதையும், விட்டுப்போன பல் மட்டும் தனியே நகரும் என்பதையும் சொல்லுங்கள். நகத்தால் ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். எனக்கு இரண்டாம் முறை சொல்லிக்கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொட்டுப் பார்க்கிறேன். ஒருமுறை இடது ஓரத்து முடிச்சு ஆடியது. மறுநாளே ஒட்டிவிட்டார்கள்.

சிகிச்சை முடிந்தவர்களின் பட்டியலை மூடி வைக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை அழையுங்கள். வராதவர்கள் வராமல் இருக்கட்டும். அழைத்தீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அச்சையும் எக்ஸ்ரேக்களையும் ஒரு பிரதி எங்கள் கையில் கொடுத்துவிடுங்கள். 13 வயதில் என் பல் எப்படி இருந்தது என்று பார்க்க என் பழைய அச்சைத் தேடிப் போனேன். அவ்வளவு காலம் வைத்திருப்பதில்லை என்றார்கள். அவர்கள் வைத்திருக்க முடியாதுதான், நான் வைத்திருந்திருப்பேன்.

கடைசியாக மகளைப் பற்றி. சென்ற மாதம் இடது பக்கக் கோரைப்பல்லின் நுனி ஈறைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. பால் பல்லை எடுத்துப் பதினெட்டு மாதம் ஆகிறது. அவளுடைய பல் கொஞ்சம் வெளிப்பக்கமாக நிற்கிறது, பின்னால் கம்பி தேவைப்படலாம், படாமலும் போகலாம். மருத்துவர் கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, நுனியைக் காட்டினார். அவள் நாக்கால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து இறங்கியதும், மறுபடி எப்போது வர வேண்டும் என்று அவளே கேட்டாள். ஆறு மாதம் கழித்து என்றார். தேதியையும் அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

மரியாதையுடன்,
இரண்டு முறை கம்பி போட்டுக்கொண்ட ஒரு தாய்